பின்னலிலிருந்து உருவிய ஊசி

ஆடி, மூன்றாம் ஞாயிறு. இரவு.

காலையில் பெரியபாளையம் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இரட்டையரில் சின்னவளின் பாவாடை நாடா உருவிக்கொண்டது. இவர் என் ஸ்வெட்டர் பின்னலிலிருந்து ஊசியை உருவி, அதன் குமிழில் நாடாவைக் கட்டிக் கோத்துவிட்டார். பின்னலை அழகாக மடித்தும் வைத்திருந்தார். திரும்பி வந்து கையில் எடுத்ததும் கண்ணிகள் மளமளவென்று கழன்று இறங்கின.

"இன்னாமா, ஊசியத்தான எடுத்தேன்? நூலு அப்டியேதான கீது!" என்றார். அனல்மின் நிலையத்தில் என்ஜினீயர். தைக்கிற ஊசி மாதிரி, உருவினாலும் பின்னல் நிற்கும் என்று நினைத்திருக்கிறார்.

நான் ஐம்பதை நெருங்கும்போது நாலு வயதுக் குழந்தைகள். பெருக்கிய வீடு உடனே குப்பையாகிறது, ஊட்டிய வயிறு மறுபடி பசிக்கிறது. விட்ட இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தது இந்தப் பின்னல் ஒன்றுதான். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

கழன்ற கண்ணியை ஏற்ற எனக்கு இன்னும் தெரியாது. முழுவதையும் பிரித்துச் சுற்றினேன். சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வெயில்ல யாருக்குமா ஸ்வெட்டரு?"

எனக்கு என்று சொல்ல நா எழவில்லை. "உனக்குத்தான்" என்றேன்.

"எனக்கு வாணாம், குத்தும்" என்று ஓடிவிட்டாள்.

நிம்மதியாக இருந்தது. நாளை மறுபடியும் முதல் வரியிலிருந்து போட வேண்டும். பிறகு ஊசியோடு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும்.