பக்கவாட்டில் ஊதிய காற்று

கம்ப்ரஸர் சத்தம் கேட்டாலே நினைவுக்கு வரும் மாப்பிள்ளைக்கு,

அங்கே தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது? இங்கே உங்கள் போர்வெல் ரிக் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். திருச்செங்கோட்டில் துளை போட்டால் சத்தம் சங்ககிரி மலைக்கோட்டையில் மோதித் திரும்புகிறது என்று சொன்னேன். உங்கள் மனைவி, அதாவது என் தங்கச்சி, சிரித்தாள். பொய் என்றாலும் பரவாயில்லை, அவள் சிரித்து நாளாயிற்று.

நிவேதா சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் மகள் ஜெட் விமானத்தின் வால்பக்கம் காற்று சீறி வெளியேறும் குழாயை ஆராய்ச்சி செய்கிறாள். அதற்கு நாசில் என்று பெயர். அந்தக் காற்றைக் கொஞ்சம் சாய்த்தால் விமானமும் திரும்பும். இரும்பில் செய்து பார்ப்பதற்கு முன்னால், கம்ப்யூட்டருக்குள் குழாயை வரைந்து, பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று கணக்குப் போட வைக்கிறாள். லட்சக்கணக்கான கட்டம் என்றாள். டீக்கடையில் நான் நூறு கோடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். டெல்லியிலிருந்து ஆள் வந்து பார்த்ததாகவும் சொன்னேன். வராமலா போய்விடுவார்கள்?

படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் குமாரபாளையத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. விசைத்தறிக் குடும்பம், பையன் தங்கமான பையன். தையிலேயே கல்யாணம், அப்புறம் படிப்பு வேண்டாம் என்றார்கள். உங்கள் அண்ணனுக்குச் சம்மதம், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சம்மதம். "அவ போதும்னு சொல்ற வரைக்கும் படிக்கட்டும் மச்சான்" என்று ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே, அது எனக்கு மட்டும்தானே கேட்டது?

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நிவேதா கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள்.

"ஏஞ்சாமி, குழாயை வளைச்சாத்தான காத்து திரும்பும்?" என்றேன்.

"வளைக்க வேண்டாம் மாமா. சொவத்துல ஒரு சின்னத் தொளை. அதுல கொஞ்சூண்டு காத்தைப் பக்கவாட்டுல ஊதுனாப் போதும். பெரிய காத்து தானாச் சாஞ்சுரும்."

"அப்ப நல்லா அழுத்தி ஊதோணும்."

"அங்கதான் மாமா சிக்கலே. ரொம்ப ஊதுனா அதுல கெளம்புற அதிர்வலை எதிர்ச்சொவத்துல போயி முட்டித் திரும்பிருது. காத்து மறுபடியும் நேராப் போயிருது. எவ்வளவு ஊதுனாச் சரியா இருக்கும்னு பாக்கத்தான் இந்த ஒரு வருசம்."

"நம்ம கம்ப்ரஸர்ல அப்படியெல்லாம் ஆவாது கண்ணு."

"அது உங்களாட்டத்தான் மாமா. கண்டபக்கம் ஊதும்."

திரையில் சிவப்பாகப் பாய்ந்துகொண்டிருந்த காற்று, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தொட்டதும் சாய்ந்து போனது. அதையே மறுபடி மறுபடி போட்டுக் காட்டச் சொன்னேன்.

மறுநாள் வந்துவிட்டார்கள். என்னிடம் பெரிய பிரசங்கமே தயாராக இருந்தது. சந்திரன், ராக்கெட், நான் இமயமலையில் லாரியைப் பின்னோக்கியே இறக்கிய கதை, எல்லாம்.

"பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல என்னத்துக்குங்க படிப்பு? கண்ணாலத்தை முடிச்சுப் போடலாமுங்க" என்றார் பையனின் அப்பா. உங்கள் அண்ணன் தலையாட்டினார். வெற்றிலை பாக்குத் தட்டு என் முன்னால் வந்தது. தாய்மாமன் கை வைக்காமல் அந்தத் தட்டு நகராது, உங்களுக்குத் தெரியும். என் தங்கச்சி நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள். நிவேதா பார்க்கவில்லை.

"அவிங்கப்பா படிக்கட்டும்னு சொல்லீட்டுப் போனாருங்க. ஒரு வருசம் கழிச்சுத் தட்டு மாத்திக்கலாமுங்க" என்றேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சந்திரன் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். நான் இன்னும் பேசுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அவர்.

"அவ்வளவுதானுங்க."

வாயை மூடிக்கொண்டிருப்பது இத்தனை பாரமான வேலையா மாப்பிள்ளை? நீங்கள் ஆயுசு முழுக்க எப்படிச் செய்தீர்கள்?

கடைசியில் பையன்தான் பேசினான். "ஒரு வருசந்தானுங்கப்பா. இருக்கட்டும்." அவன் அப்பா ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, "ஊட்டுல பேசீட்டுச் சொல்றமுங்க" என்று எழுந்தார். உங்கள் அண்ணன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார். குமாரபாளையத்தில் இருந்து இன்னும் பேச்சில்லை. வருவார்களா? தெரியவில்லை. நிவேதா திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் காலேஜுக்குப் போய்விட்டாள். ஏறும்போது, "சரியா ஊதுனீங்க மாமா" என்றாள்.

அவர்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அவள் போதும் என்று சொல்லும்வரை எந்தத் தட்டிலும் என் கை படாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, இதில் கூட்டல் இல்லை. டீக்கடையில் மட்டும், அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசி அவர்களை மடக்கினேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே எதிர்ச்சுவர் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம்.

உங்கள் மகளுக்குத் தாய்மாமன்,
உங்களுக்கு என்றும் மச்சான்,
சங்ககிரி.