ஜூலைப் படத்தில் குழந்தைத் துணி

டிசம்பர் 28

என் அன்பு வாயாடிக்கு,

நான் சுகம். நீ அங்கே வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தெருவை மறந்துவிடுவாயோ என்று மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் எடுத்து, நம் ஸ்டுடியோவிலேயே பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். மார்ச்சில் குழாய்ப் பள்ளத்துக்குள் தபால்காரர் சைக்கிளோடு இறங்கிவிட்டார். ஜூலையில் தையல்காரர் தான் நனைந்துகொண்டு, யாருடைய கோட்டுக்கோ குடை பிடித்துப் போகிறார். அக்டோபரில் பால் வண்டி நிற்கும் இடத்தில் நாய் நாலு குட்டி போட்டது. பால்காரர் இன்றுவரை வண்டியைத் தள்ளித்தான் நிறுத்துகிறார்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

உன்,
இன்னும் இளைக்காதவன்

ஜனவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

படங்களை என் அறைச் சுவரில் ஒட்டினேன். இந்த முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா, "இதுல உங்க வீடு எது?" என்று கேட்டார். நீல கேட்டைக் காட்டினேன். "கைக்குழந்தை இருக்கா உனக்கு? சொல்லவே இல்லையே" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஜூலையிலிருந்து நம் கொடியில் குழந்தைத் துணி காய்கிறது. செப்டம்பரில் வாசலில் யாருடைய செருப்போ. ஜூலையிலிருந்து படம் எல்லாம் எதிர்ப்பக்கம் மாடியிலிருந்து எடுத்தவை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம் வீட்டில் இருப்பது யார்? நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். எழுதுங்கள்.

உங்கள்,
வாயடைத்துப்போனவள்

ஜனவரி 24

என் வாயாடிக்கு,

மறைத்தது தப்புதான். சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். பதில் வராது. போகப்போகத் திறக்கவே கை வரவில்லை. ஒருநாள் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து, "சாவிய கையில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க? எங்க மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்றார். ஜூனில் அங்கே மாறினேன். கீழே மெஷின் ஓடும் சத்தமே எனக்குத் துணை. நம் வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நீ வருவதற்குள் காலி செய்துவிடுவார்கள்.

சொன்னால் குடும்பத்தையே கலைத்துவிட்டேன் என்பாயோ என்று பயம். பிறகு படத்தை ஏன் அனுப்பினேன்? நீ கண்டுபிடிக்க வேண்டும் என்றா, கூடாது என்றா, எனக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் என்ன தேதியில் வருகிறாய்?

உன்,
மாடிக்காரன்

பிப்ரவரி 6

அன்புள்ள உங்களுக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். இன்னொரு வருடம் இருப்பதாக டிசம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கே ஒருநாள் லீவு போட்டால்கூட நாலு பேர் என்னைத் தேடுகிறார்கள். அது பிடித்துப்போயிற்று. வீடு எங்கே ஓடிவிடும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அங்கே இல்லை என்றதும் அப்படி ஒரு கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை மேலாளரிடம் போய், அந்தப் பேப்பரைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். "போறியா, இருக்கியா? ஒண்ணு சொல்லு" என்றார். போகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. சரியா தப்பா என்று இந்த நிமிடம்வரை குழப்பம்தான்.

கண்டக்டர் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அந்தக் குழந்தை இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருக்கும். மாடி அறையில் இரண்டு பேர் இருக்கலாமா என்று தையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

உங்கள்,
வருகிறவள்