‘கல்லுக்குழி’ வெளிவந்த பிறகு

ஆகஸ்ட் 18, திங்கள்

வானம் மூடியே கிடந்தது. மழை இல்லை. நான் வேலை பார்க்கும் பரவை மண்டியில் தக்காளி வரத்து ஏகம், விலை படுத்துவிட்டது. மதியம் ஒத்தக்கடை ரூமுக்கு வந்து தூக்கம்.

ஆல்பம் நேற்று இணையத்தில் ஏறியது. ‘கல்லுக்குழி’. ஒன்பது பாட்டு, அத்தனையும் த்ராஷ் மெட்டல், அசுர வேகத்தில் அலறுகிற ராக். ஜூலையிலேயே தயார். பேஸ் கிட்டார் நாகுவின் அம்மா, “ஆடியில எதையும் தொடங்காதீங்கடா” என்று சொன்னதால் ஆவணி ஒன்று வரை காத்திருந்தோம். பிணம், பேய், வெடிமருந்து என்று பாடுகிற பாண்டுக்கு நல்ல நாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இதுவரை கேட்டவர்கள்: என் தங்கை, நாகுவின் ஆபீஸ் ஆட்கள், யாசினின் மச்சான். விற்பதற்குப் போட்ட கேசட் பெட்டி கட்டிலுக்கு அடியில், பிரிக்கவே இல்லை. மெட்டல் கேட்கிறவன் இன்னும் கேசட் வாங்குவான் என்று நாகு அடித்துச் சொல்லியிருந்தான்.

அம்மா திருவாதவூரிலிருந்து போன். “கேட்டேன்டா. எதுக்கு இம்புட்டுக் கத்துற? தொண்ட கட்டிக்கிடாதா?” முதல் விமர்சனம்.

எனக்குக் கவலை யாசின்தான். டிரம்ஸ் அவன். நாயக்கர் மகால் பக்கத்துச் சந்தில் அவன் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. முழு நேரமும் கடையைப் பார்க்கச் சொல்கிறார். “இந்த ஆல்பத்த நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லட்டும் மாப்ள. அத்தாகிட்ட நானே பேசிக்கிறேன்” என்றிருக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் போய்விடுவான். அந்த வேகத்துக்கு மதுரையில் வேறு ஆள் இல்லை. அவன் போனால் பாண்டு இல்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது.

யூடியூபில் ஒருவன் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “தலைவலி மாத்திரை சேத்துக் குடுப்பாங்களா?” என்றான். போகட்டும்.

பெரிய விமர்சனமும் வந்துவிட்டது. பெங்களூர் மெட்டல் இணைய இதழ். கிட்டார்: பழைய சரக்கு, ஆனால் வெறி இருக்கிறது. குரல்: தமிழில் கத்துவது பொருந்துகிறது. (நான்! இரண்டு முறை படித்தேன்.) கடைசிப் பத்திதான் இடி. டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கவில்லை போலும், கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார்கள், வேர்வை இல்லாத வாசிப்பு என்று எழுதியிருக்கிறான்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் ஆகாது என்றதால் ரப்பர் தட்டு வைத்த எலக்ட்ரானிக் டிரம்ஸில் பதிவு செய்தோம். அதன் ஓசை அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் யாசின் அடித்தது. மார்ச்சில், நோன்பு மாதத்தில். சாயங்காலம் நோன்பு திறக்கவும் கடைக்கும் தொழுகைக்கும் போய்விடுவான் என்பதால் மதியம்தான் நேரம். தகர ஷீட் போட்ட என் மொட்டைமாடி ரூம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தினம் ஒரு பாட்டு, ஒன்பது நாள். வேர்வை இல்லையாம்.

யாசினுக்குப் போன் போட்டேன். படித்துவிட்டிருந்தான். சிரித்தான். “மோசமா வாசிச்சிருந்தா மனுஷன்னு நம்பிருப்பான்ல மாப்ள.” கடையில் யாரோ ஆணி கேட்கும் சத்தம். வைத்துவிட்டான்.

அந்தக் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போனில் தேடினேன். மார்ச்சில் எடுத்த வீடியோ கிடைத்தது. யாசின் மூன்றாவது பாட்டை முழுசாக வாசிக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. முடித்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கிறான்.

மேலே எழுதினேன்: ‘இதுதான் எங்கள் மெஷின். நோன்பு வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசித்தது.’

நாகு: “போடு மாப்ள, அவன் வாய அடைக்கணும்.”

யாசினைக் கேட்டிருக்கலாம். ஜும்மா தொழுகை நேரம், போன் அணைந்திருந்தது. சந்தோஷப்படுவான் என்று நினைத்து இணையத்தில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை தூறல். மண்டி லீவு.

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. யார் யாரோ பகிர்கிறார்கள், மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். ‘நோன்பு டிரம்மர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் கும்பிடுகிறார்கள், மீதிப் பேர் நோன்பு மாசத்தில் இந்தக் கூத்தா என்று திட்டுகிறார்கள். பாட்டைப் பற்றி ஒருவனும் பேசவில்லை.

விமர்சகன் மன்னிப்புக் கேட்டு அந்தப் பத்தியைத் திருத்திவிட்டான். ‘நம்ப முடியாத மனித உழைப்பு’. கேசட் பெட்டியைப் பிரித்தாயிற்று. நாகு உட்கார்ந்து பார்சல் ஒட்டுகிறான். பெங்களூரில் மேடை தருகிறோம் என்று ஒரு மெயில், அந்த நோன்பு டிரம்மர் கட்டாயம் வர வேண்டுமாம்.

வாங்க வேண்டியது: டேப், கவர், மார்க்கர், பால்.

யாசின் போன் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

யாசினிடமிருந்து ஒரே வார்த்தை. “எடுத்துரு.”

வீடியோவை உடனே எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, ஊரெல்லாம் நகல். நாகு கத்தினான். “இப்பத்தான்டா விக்கிது! அவனுக்கு என்ன கேடு?” நானும் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நல்ல வெயில். மண்டியிலிருந்து நேரே யாசின் கடைக்கு. சமாதானத்துக்கு நன்னாரி சர்பத் பார்சல் வாங்கிக்கொண்டு போனேன்.

அத்தா கல்லாவில். திட்டுவார் என்று நினைத்தேன். “வாங்க தம்பி” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“அவன் கொட்டடிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நோன்பு அவனுக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளது தம்பி. அதப் போயி நாலு பேருக்குக் காட்டி யாவாரம் பண்ணலாமா? பள்ளிவாசல்ல ஒருத்தரு, ‘ஒங்க மகன் நோன்பு நல்லா ஓடுதாமே’ங்கிறாரு.”

சர்பத் பார்சலை மடியில் வைத்துக்கொண்டேன்.

“கோவமெல்லாம் இல்ல. ஒங்களுக்குத் தெரியாதுல்ல.”

திட்டியிருக்கலாம்.

யாசின் உள்ளேயிருந்து கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெலிந்திருந்தான். சர்பத்தை நீட்டினேன்.

“வேணாம் மாப்ள.”

“இன்னும் கோவமாடா?”

அத்தாதான் சொன்னார். “நோன்பு வச்சிருக்கான். அன்னைக்கு வச்சதெல்லாம் வெளம்பரமாப் போச்சு, செல்லாதுன்னு அவனா நெனச்சுக்கிட்டுத் திரும்ப வைக்கிறான். தேவையில்லன்னு சொல்லிட்டேன், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்லிட்டாரு. கேக்க மாட்டேங்கிறான்.”

யாசின் கம்பியை இறக்கி வைத்தான். மணி மூன்று இருக்கும்.

“மேடைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க மாப்ள” என்றான். கோபமே இல்லாத குரல்.

“எத்தன நாளுடா வைக்கப் போற?”

“ஒம்பது பாட்டுல்ல.”