இத்தாலி வென்ற சனிக்கிழமை

மோர்னிங்சைட், ஸ்காபரோ
பெப்ரவரி 8, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் அண்ணி வேரோனிக்காவும் மன்னாரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை, எனக்குத் தொண்டை நோவதுதான் மிச்சம். அதனால் எழுதி, மகள் ஷரோனைக் கொண்டு படமெடுத்து வட்ஸப்பில் அனுப்புகிறேன். அவள் வாசித்துவிடுவாள் என்று பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தென்றால் அவளுக்குக் கோழிக் கிறுக்கல்தான்.

உங்கள் மச்சான் றெமிஜியஸின் கழுத்துக் கட்டியில், புற்றுநோயோ என்று பார்க்க ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? இன்னும் முடிவு வரவில்லை. வரும் வியாழன் காலை பத்தரைக்குச் சொல்வார்களாம். அவர் பயத்தை வெளியே காட்டுவதில்லை. ஒரு கிழமையாகச் சவரம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஊசி போட்ட அன்றே நான் கோயிலில் முழங்காலில் நின்று மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இந்த வருடம் ஆறு நாட்டு றக்பிப் போட்டியில் ஒரு ஆட்டமும் பார்க்க மாட்டேன் என்று. சிரிக்காதீர்கள். சீனி வியாதிக்காரி, இனிப்பை ஏற்கனவே விட்டாயிற்று. மாதாவுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த பெரிய ஆசை இது ஒன்றுதான். கண்டியில் நீங்கள் பள்ளிக்கூட அணிக்கு விளையாடும்போது வேலியில் ஏறிநின்று கத்தப் பழக்கியது யார்? நீங்கள்தானே! நேர்த்தி நிறைவேறும்வரை அதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் மூச்சும் விடவில்லை.

நேற்றுத்தான் தொடக்க வாரத்துச் சனி. ஒன்பது மணிக்கு இத்தாலியும் ஸ்கொட்லாந்தும். என்னுடைய இத்தாலியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், எத்தனை வருடமாக அடிவாங்கினாலும் நான் அவர்கள் பக்கம்தான். நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பிட்டு அவிக்கத் தொடங்கினேன். றெமிஜியஸ் தானாகவே ரீவியைப் போட்டு, என்னுடைய இத்தாலி நீலச் சால்வையைக் கதிரையில் விரித்துவைத்து மூன்று தரம் கூப்பிட்டார். றக்பியைப் பன்றிச் சண்டை என்று சொல்கிற மனிசன், அண்ணா! வேலை கிடக்கிறது, பிறகு வாறன் என்றேன்.

உள்ளே வந்து அடுப்பை நிற்பாட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "டொக்டர் உம்மோட தனியக் கதைச்சவரோ?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். "பொய் சொல்லாதையும். ஷரோன் பிறந்த கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்து மச் பாத்த மனிசி நீர், இண்டைக்கு ஏன் பாக்கேல்லை? எனக்கு எவ்வளவு காலமெண்டு மட்டும் சொல்லும்" என்றார்.

நேர்த்தியைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்பதும் தெரிந்துவிடுமே. பயந்த மனிசனிடம் அதையும் கொடுப்பதா? "விசர்க்கதை கதையாதேங்கோ, பிட்டு அவியட்டும் எண்டுதான் பாத்தனான்" என்று ஏசி, அடுப்பைத் திரும்பப் போட்டுவிட்டுப் போய்ச் சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரோமில் மழை. பந்து கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் இருந்து, ஏன் எல்லாரும் ஒருத்தனுக்கு மேலே ஏறிப் படுக்கிறார்கள், பந்தை முன்னுக்கு எறிந்தால் என்ன குற்றம் என்று உயிரை எடுத்தார். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க முகத்தில் இரத்தம் திரும்பியது. இரண்டு தரம் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டார். நான் வாய்க்குள் அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

பிறகு நடந்ததை உங்களுக்கு மறைக்க முடியாது. கடைசி நிமிடங்களில் ஸ்கொட்லாந்து இத்தாலியின் கோட்டுக்குக் கிட்ட வந்து முட்டு முட்டென்று முட்டியது. இத்தாலிக்காரர் ஒரு அடி விடவில்லை. என் வாயிலிருந்த மந்திரம் எங்கே போனது என்று தெரியாது. விசில் ஊதி இத்தாலி வென்றதும் நான் கதிரையில் ஏறி நின்று கத்தியிருக்கிறேன்! கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் பிரதீபா பதறிப்போய் போன் பண்ணி, அங்கிளுக்கு ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்டாள். இவர் போனை வாங்கி, "அங்கிளுக்கு ஒண்டுமில்லை, அன்ரிக்குத்தான் பேய் பிடிச்சிட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு எழும்பிப் போய்ச் சவரம் செய்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குச் சந்தோசம். இரவு செபமாலையை எடுத்தபோதுதான் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டேன் என்பது உறைத்தது. இனி நேர்த்தியைத் தொடரவும் வழியில்லை. அடுத்த சனிக்கும் கதிரை போட்டுவைப்பேன் என்று இவர் இப்போதே சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு உதவி. புதன்கிழமைக்குள் பஸ் எடுத்து மடுவுக்குப் போய்வாருங்கள். ஒரு மெழுகுதிரி கொளுத்தி, உங்கள் வாயால் மாதாவிடம் சொல்லுங்கள். கிளடிஸ் உட்கார்ந்து பார்த்தது தன் மனிசனின் பயம் தெளியத்தான் என்று சொல்லுங்கள். கதிரையில் ஏறிக் கத்தியது தனக்காகத்தான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்குரிய தண்டனை எதுவென்றாலும் என் தலையில் வரட்டும். புதிதாகச் சவரம் செய்த அந்தக் கழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று கேளுங்கள், அண்ணா.

உங்கள் இருவருக்கும் மாதா நீண்ட ஆயுள் தரட்டும்.

உங்கள் தங்கச்சி,
கிளடிஸ்