டிரெட்மில்லில் வீரம் வேண்டாம்

ஏங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். உங்களை இதய ஸ்கேனுக்கு அழைத்துப் போக என் தம்பி எட்டு மணிக்கு வருவான். டெஸ்டுக்கு முன் காபி கூடாது; பொடி டப்பா என் பையில் இருக்கிறது, தேட வேண்டாம். போன தடவை "ஒரே ஒரு வாய்தாம்மா குடிச்சேன்" என்று நர்ஸிடம் குழைந்து, டெஸ்டே ரத்தாகித் திரும்பிய மகராசர் நீங்கள்.

டிரெட்மில்லில் நடக்கவிட்டு, நன்றாக மூச்சு வாங்கும்போது கையில் கதிரியக்க மருந்தை ஏற்றுவார்கள். இதயத்தில் எந்தப் பக்கம் ரத்தம் போகவில்லை என்று காமிரா காட்டிவிடும். "நான் யார் தெரியுமா?" என்று கேட்டால் அடைப்பு எழுந்து வணக்கம் வைக்காது, அது உங்கள் ஆபீஸ் இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பதாக டாக்டரிடம் அளக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்தே பார்க் பெஞ்சு தேய்ந்துவிட்டது.

நேற்று மாடிப்படியில் பாதியில் நின்று, "முக்கியமான போன், நீ போ" என்றீர்கள். உங்கள் போன் மேசைமேல் கிடந்தது. அதைச் சொன்னதற்குத்தான் அவ்வளவு கத்தல்.

நெஞ்சு வலித்தால் அந்த நொடியே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் யாரும் பதக்கம் தரமாட்டார்கள்.

கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: மருந்து உடம்பில் இருக்கும், இன்று பேத்தியைத் தூக்கக்கூடாதாம்.

இன்னொன்று. உங்கள் அண்ணனும் "வெறும் வாயுத் தொல்லை" என்றுதான் கடைசிவரை சொன்னார். அண்ணிக்கு அவர்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, சண்டை போட ஆள்தான் இல்லை. நம் சண்டை பாதியில் நிற்கிறது. சாயங்காலம் வந்து முடிக்கிறேன். வீட்டில் இருங்கள்.