தாய்மாமன் இடத்துக்கு இரண்டு பேர்

வியாழன்

காற்றோ காற்று. வாயைத் திறந்தால் மண். இன்றைய வேலை: தம்பி காதுகுத்துக்கு பிளக்ஸ் அடிக்கக் கொடுப்பது. போட்டோ, பெயர், வாசகம் எல்லாம் என் பொறுப்பு. நம்பி அனுப்பினார்கள், பாவம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டுமாம். அதற்கு சிவகிரி மாமா வருகிறாராம் (இனி சி.மா.). அம்மாவின் கூடப் பிறந்தவர். அம்மா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் வேண்டும் என்று அப்பா போன் போட்டார். "ராங் நம்பர்" என்று சி.மா. வைத்துவிட்டார்.

கொடுத்தது யூசுப் மாமா. அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. ரத்த சொந்தம் என்றால் எனக்கு அவர்தான்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மொறைன்னு ஒண்ணு இருக்குல்லாட்டி. சும்மா கெட."

முறையாம். சி.மா.வுக்குத் தெரிந்ததெல்லாம் முறைப்பு.

சனி

தெருமுனையில் பிளக்ஸ் ஏறிவிட்டது. நடுவில் யூசுப் மாமா, ஆள் உயரத்துக்கு. கீழே 'தாய்மாமன்'. சி.மா.வும் இருக்கிறார். ஓரத்தில், கரடி பொம்மைக்கும் பலூனுக்கும் நடுவில், தீப்பெட்டி சைஸில்.

மாலையில் சி.மா. வந்து பார்த்தார். அம்மாவிடம் ஒரே கத்தல்: "வேத்தாளு மடியில வச்சுக் குத்தணும்னா என்னைய எதுக்குளா கூப்பிட்ட?" அப்பா செல்போனுக்குள் புகுந்துகொண்டார். அம்மா கையால் எனக்கு ஒரு அறை. இடது கன்னம்.

அதுவரை எதிர்பார்த்ததுதான். அப்புறம் யூசுப் மாமா ஏணியோடு வந்து அவரே கழற்றினார். இளித்துக்கொண்டு போய் நின்றேன்.

"என்னைய வச்சு வெளாடுதியாட்டி? இந்த எடத்த நான் கேட்டனா? ஒங்கம்மாவ அண்ணங்கிட்ட இருந்து அத்து விடுததுக்கா நான் வந்தேன்?"

"அந்தாளு ஒரு ஆளா மாமா?"

"மாமான்னு கூப்பிடாத."

பிளக்ஸைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு

காதுகுத்து. யூசுப் மாமா வரவில்லை. மனை மேல் சி.மா., பட்டு வேட்டி, ராஜா தோரணை. ஆசாரி வலது காதைக் குத்தினார். தம்பி விட்ட உதையில் சி.மா.வின் கண்ணாடி எகிறியது. வேட்டியும் நனைந்தது.

நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாக.

"சிரிக்கா பாரு! நேத்து போட்டோ, இன்னைக்கி இது. இனி எவளும் என் வீட்டுப் படி மிதிக்கப்படாது!" பந்திக்குக்கூட நிற்கவில்லை. கார் போயே போய்விட்டது. தாய்மாமன் மடி இல்லாமல் இடது காது அப்படியே நின்றது.

அப்பா, இன்றைக்குப் பேசிய ஒரே பேச்சு: "பாதி சிவன் பாதி பெருமாளா நிக்க நம்மூரு சாமி மாதிரி இவனையும் பாதி பாதின்னு விட்டுருவமா?" யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் பக்கமே திரும்பவில்லை.

திங்கள்

ஸ்கூலுக்கு மட்டம். காலையிலிருந்து ஒரே யோசனை. சி.மா.வை எவ்வளவு திட்டினாலும் அவர் மாமாதான், சாகிற வரைக்கும். யூசுப் மாமா "கூப்பிடாத" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் யாரோ. இது என்ன நியாயம்? எரிச்சலாக வருகிறது.

பதினோரு மணிவாக்கில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கூடவே ஆசாரி. பின்னால் நான். நேராக யூசுப் மாமா கடை.

"அண்ணே, மடியக் காட்டுங்க."

"வேண்டாம் தங்கச்சி. ஊரு பேசும்."

"ரத்தம் குடுக்கையில ஊரு எங்க போச்சு?"

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி இங்கேயும் அதே அலறல், அதே உதை. மேஜையிலிருந்த ஸ்குரூ டப்பா பறந்தது. அவர் பிடியை விடவில்லை. இடது காதும் முடிந்தது.

குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கினேன்.

"தொடாத."

"மாமா…"

"இவனுக்குத்தான் மாமா. ஒனக்கு இல்ல. போட்டி அங்கிட்டு."

போகவில்லை. மேஜைக்கு அடியில் நுழைந்து மிச்சத்தையும் பொறுக்கினேன்.