எட்டுப் பைட்டும் உன் நாக்கும்

என் அன்பு மச்சான் செல்வம்,

நீ போய் ஐந்து மாதம். பூநகரிக்குப் பின்னேர பஸ் இன்னும் ஒழுங்காக வருவதில்லை. உன் சைக்கிளில்தான் திரிகிறேன். உன் செத்தவீட்டில் நான் அழவில்லை, கவனித்தாயோ? உள்ளே ஒன்றும் அசையவில்லை. இப்போதும் அப்படித்தான்.

போன கிழமை உன் கிணற்றில் இறக்கியிருக்கும் உப்பு அளக்கிற கருவியின் பற்றறியை மாற்றினேன். உடனே என் கணினித் திரையில் உப்பு ஒரேயடியாக ஏறியது. உன் மனைவி, என் தங்கச்சி பவளம், வாளியோடு பின்னால் நின்றாள்.

"அண்ணை, பற்றறி மாத்தினால் கிணத்தில உப்புக் கூடுமோ?"

"விசர்க்கதை கதையாதை."

"அவர் சொன்னதுக்கும் இப்பிடித்தானே சொன்னனீங்கள்."

மூன்று நாள் கதிரையை விட்டு எழும்பாமல் என் புறோகிராமைப் பார்த்தேன். கருவி ஒவ்வொரு முறையும் எட்டுப் பைட், அதாவது எட்டுச் சின்ன எண்கள், அனுப்பும். முதல் நாலும் நேரம். ஐந்தாவது கிணற்றின் இலக்கம். ஆறும் ஏழும் சேர்ந்தது உப்பு. எட்டாவது பற்றறியின் பலம். பற்றறி எனக்குத் தேவையில்லை என்று அதை எழுதாமல் விட்டேன். "இந்த எட்டையும் நேரம், கிணறு, உப்பு என்று எடு" என்று மட்டும் சொன்னேன்.

நான் எழுதுவதைக் கணினிக்கு விளங்க மாற்றிக் கொடுக்கிற கம்பைலருக்கு ஒரு பழக்கம். இரண்டு பைட் எண்ணை அது சோடி தொடங்கும் இடத்தில்தான் வைக்கும்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அதற்காக ஆறாவதை வெற்றிடமென்று தாண்டிப் போய், ஏழையும் எட்டையும் உப்பென்று எடுத்திருக்கிறது. அந்தச் சோடியில் எட்டாவதுக்குத்தான், அதாவது பற்றறிக்குத்தான், கனம் கூட. மொத்தமும் எட்டுத்தான், அதனால் ஒரு முறைப்பாடும் வரவில்லை. எண் பெரிதாக வந்தபோது, கருவியின் அலகு வேறாக இருக்கும் என்று நினைத்து ஒரு வகுத்தலைப் போட்டு அடக்கினேன்.

பற்றறி இறங்க இறங்க, உப்புக் குறைகிறது என்று ஊருக்குச் சொன்னேன், மச்சான்.

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், ஊர் விவசாயிகள் எல்லாரும் இருக்க, நீ எழும்பினாய். "தண்ணி கரிக்குதடா, மச்சான்."

"திரை குறையுது எண்டு சொல்லுது. பீடி குடிச்சுக் குடிச்சு உன்ர நாக்குச் செத்துப்போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சரி, அப்ப உன்ர திரையை நம்பி மிளகாய் நடுறன்."

நட்டாய். இலைகள் ஓரத்திலிருந்து கருகின. நீ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, என் வீட்டுப் படலையும் திறக்கவில்லை. அதை உன் வீம்பென்று நினைத்து நானும் வீம்பாக இருந்தேன். அப்படியே போய்விட்டாய். ஒருமுறை வந்து ஏசியிருக்கக் கூடாதா?

புறோகிராம் எழுத எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வைத்து நானே படித்தது. படித்தவர்கள் வந்தார்கள், "நல்லா வேலை செய்யுது, ஐயா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆனால் அந்தப் பைட்டுகளுக்கு உப்பென்று பெயர் வைத்தது நான்தான்.

இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். எட்டுப் பைட் முழுதாக வந்ததா என்று முதலில் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலிருந்து எடுக்கும். ஊரில் கருவி இறக்கியது ஆறு கிணற்றில்தான், ஏழாவது என்று வந்தால் வாசிக்காது. பற்றறி நூறுக்கு மேல் காட்டினால் வாசிக்காது. எல்லாம் சரியென்றால்தான் ஒரு பைட்டுக்குப் பெயர் கிடைக்கும்.

பழைய பைட்டுகள் எல்லாம் கோப்பில் அப்படியே கிடந்தன. அவை ஒருநாளும் பொய் சொல்லவில்லை. புதிதாக வாசித்தேன். நீ கூட்டத்தில் எழும்பிய அந்த மாதத்திலேயே உன் கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. மற்ற ஐந்தில் இரண்டிலும் இப்போது ஏறுகிறது. அந்தத் தண்ணீரை நம்பி அங்கே நாற்று நிற்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ சிரிப்பாய். வருகிற கூட்டத்தில், நீ நின்ற அதே இடத்தில் நின்று சொல்லுவேன்: செல்வம் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அதற்கு முதல் ஆறு கிணற்றிலும் ஒவ்வொரு மிடறு குடிப்பேன். இன்று காலை உன் கிணற்றில் தொடங்கிவிட்டேன். பவளம்தான் செம்பில் அள்ளித் தந்தாள்.

கரிக்குதடா, மச்சான்.

உன் நாக்கைப் பழித்தவன்,
உன் பவளத்தின் தமையன்,
நடேசன்